ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு ஹைபிரிட் கார் கட்டுப்படியாகுமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதுக் கார் வாங்க நினைக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, 'ஹைபிரிட் எடுத்துவிடலாமா?' என்பது. லிட்டருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று விளம்பரம் சொல்கிறது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும் தமிழ்நாட்டில் பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கீழே வரவில்லை. ஆனால் வண்டியின் விலை இரண்டரை, மூன்று லட்சம் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் பெட்ரோல் பங்கில் மிச்சமாகித் திரும்பி வருமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் சராசரிக் குடும்பத்துக்கு வராது. ஊருக்குள்ளேயே மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு வரும். மாதம் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவருக்கு, எவ்வளவு அதிகமாக ஓட்டினாலும், எளிதில் வராது. இந்த மூன்றாவது ஆள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார். நிறைய ஓட்டுகிறோம், அதனால் ஹைபிரிட்தான் சரி என்று அவரே முடிவு செய்துவிடுகிறார். எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்பதைவிட எந்தச் சாலையில் ஓட்டுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் எந்த ஹைபிரிட் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காரின் பின்புறம் 'ஹைபிரிட்' என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மாருதி 2015-ல் சியாஸ் காரில் கொண்டுவந்த 'ஸ்மார்ட் ஹைபிரிட்', மைல்டு ஹைபிரிட் வகை. அதில் இருக்கும் சிறிய மோட்டார், சிக்னலில் எஞ்சினை நிறுத்தி மறுபடி எழுப்பும். கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும். தனியாக வண்டியை இழுக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. விலையும் பெரிதாக ஏறாது, மிச்சமும் பெரிதாக இல்லை. மின்சார, ஹைபிரிட் வாகனங்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியத்திலிருந்து 2017-ல் மைல்டு ஹைபிரிட்டை நீக்கியதற்கும் அதுவே காரணம்.

நாம் பேசுவது ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பற்றி. இதில் மோட்டாரால் தனியாகவே சக்கரத்தைச் சுழற்ற முடியும். எஞ்சின் அணைந்திருக்கும்போதே வண்டி சத்தமில்லாமல் நகரும். 2022 மே மாதம் ஹோண்டா சிட்டியில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டொயோட்டாவின் ஹைரைடரும் மாருதியின் கிராண்ட் விட்டாராவும் வந்தன. ஆண்டு இறுதியில் இன்னோவா ஹைக்ராஸ் வந்தது. இவற்றை வீட்டில் சார்ஜ் போட வேண்டாம், போடவும் முடியாது. பேட்டரியில் ஏறும் மின்சாரம் எல்லாம் நாம் ஊற்றும் பெட்ரோலிலிருந்தே பிறக்கிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹைபிரிட் புதிதாக ஆற்றல் எதையும் கொண்டுவருவதில்லை. வீணாகப் போவதில் கொஞ்சத்தை மீட்கிறது. வீணாவது எங்கே அதிகமோ அங்கேதான் மீட்பதற்கும் இருக்கும்.

எங்கே வீணாகிறது? ஐந்து ரோடு மேம்பாலத்தின் கீழே சிக்னலில் ஏசி போட்டபடி நிற்கும்போது, நகராத வண்டிக்குப் பெட்ரோல் எரிகிறது. பச்சை விழுந்து நாற்பது வேகத்துக்குக் கொண்டுபோய், அடுத்த சந்திப்பில் பிரேக் மிதித்தால், அந்த வேகத்துக்குச் செலவான பெட்ரோல் எல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கலக்கிறது. மூன்றாவது அவ்வளவாக வெளியே தெரியாதது: பெட்ரோல் எஞ்சின் லேசான சுமையில் மெதுவாக ஓடும்போதுதான் மிகவும் ஊதாரித்தனமாக எரிபொருளைச் செலவழிக்கும். சாரதா கல்லூரி சாலையில் இருபது வேகத்தில் ஊர்ந்து போவது எஞ்சினுக்குப் பிடிக்காத வேலை.

ஸ்ட்ராங் ஹைபிரிட் இந்த மூன்றையும் பிடிக்கிறது. நின்றால் எஞ்சின் அணைகிறது. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் ஏசி தொடர்ந்து வேலை செய்கிறது. பிரேக் மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தின் ஒரு பகுதியைப் பேட்டரியில் சேர்க்கிறது. ஊர்ந்து போகும் இடங்களில் மோட்டார் வண்டியை இழுக்க, எஞ்சின் தனக்கு வசதியான சுமையில் மட்டும் எழுந்து ஓடுகிறது. அந்த எஞ்சினும் அட்கின்சன் சுழற்சி என்ற முறையில், இழுவை கொஞ்சம் குறைந்தாலும் சிக்கனம் கூடும்படி அமைக்கப்பட்டது. குறையும் இழுவையை மோட்டார் ஈடுகட்டிவிடும்.

இப்போது நான்கு வழிச்சாலைக்கு வாருங்கள். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கோவை ஏறக்குறைய 165 கிலோமீட்டர், பெங்களூரு 200, சென்னை 340. தொண்ணூறு, நூறு வேகத்தில் சீராகப் போகும்போது நிற்பதும் இல்லை, பிரேக் மிதிப்பதும் அரிது. எஞ்சினும் தனக்கு ஏற்ற சுமையில் இருக்கிறது. மீட்பதற்கு அங்கே அதிகம் இல்லை. வண்டியின் எதிரி அங்கே காற்று. காற்றைக் கிழித்துப் போகச் செலவாகும் ஆற்றலை எந்தப் பேட்டரியும் திருப்பிப் பிடிக்க முடியாது. சங்ககிரி தாண்டி ஈரோடு பக்கம் போகும் ஜவுளிக்காரர் மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். அவருடைய வண்டியில் பெரும்பாலான நேரம் எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருக்கும். 2020-ல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். மேலே போகிறவருக்குச் சாதாரணக் காரிலேயே மைலேஜ் கூடியது. கீழே கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவருக்குத்தான் ஹைபிரிட்டால் பலன்.

சேலத்துக்காரர்கள் உடனே கேட்பது ஏற்காட்டைப் பற்றி. ஏறும்போது பெட்ரோல் போனாலும் இறங்கும்போது பேட்டரி நிரம்பிவிடுமே என்பார்கள். இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் ஹைபிரிட்டின் பலமும் எல்லையும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தெளிவாகத் தெரிகின்றன. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்துக்கு ஏற, உருளும் தடையையும் காற்றையும் விட்டுவிட்டாலும், 5.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். எஞ்சின் நல்ல நிலையில் ஓடினாலும் அதற்கு மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் போகும். இறங்கும்போது, உருளும் தடைக்கும் காற்றுக்கும் போனது போக, அந்த 5.2 யூனிட்டில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட் கொள்ளும். ஏழில் ஒரு பங்கு. அதையும் பூஜ்யத்திலிருந்து உச்சிவரை நிரப்பவும் காலி செய்யவும் கணினி விடாது. பேட்டரியின் ஆயுளுக்காக நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். கிளியூர் அருவியின் கீழே சொம்பை நீட்டுவது போலத்தான். மேலே சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும்; மீதி இறக்கம் முழுவதும் எஞ்சின் பிரேக்கிலும் சக்கர பிரேக்கிலும் சூடாகிப் போகும். அடிவாரத்துக்கு வந்ததும் கோரிமேடு வழியாக ஊருக்குள் கொஞ்ச தூரம் எஞ்சின் போடாமல் வரலாம். கிடைப்பது அவ்வளவுதான். சிறிய பேட்டரி என்பது குறையல்ல. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதற்கு அந்த அளவு போதும், அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. மலைக்குச் செய்யப்பட்டதல்ல.

இனி பணம். கணக்குக்கு நான் கிராண்ட் விட்டாராவை எடுத்துக்கொள்கிறேன். ஒரே உடல், ஒரே இருக்கை, கிளட்ச் இல்லாத சாதாரணப் பெட்ரோல் ஒன்று, கிளட்ச் இல்லாத ஹைபிரிட் ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 2022-ல் அறிமுகமானபோது ஸீட்டா வேரியன்ட் ஆட்டோமேட்டிக்கின் எக்ஸ் ஷோரூம் விலை 15.39 லட்சம், ஸீட்டா பிளஸ் ஹைபிரிட் 17.99 லட்சம். அதற்கு மேலுள்ள ஆல்ஃபாவில் 16.89, 19.49. இரண்டிலும் வித்தியாசம் 2.60 லட்சம். அதன் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. கீழ் வேரியன்ட்டிலும் ஹைபிரிட் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியது. ஹைபிரிட்டுக்குச் செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீதமாக இருந்தது, இப்போது இந்த அளவுள்ள பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒரே 40 சதவீதம். ஆகவே 2.60 லட்சத்தை ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் ஷோரூம் தரும் அன்றைய பட்டியலை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வராத தொகை ஒன்று ஆர்டிஓ அலுவலகத்தில் சேரும். 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை உயர்த்தியது. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் 2.60 லட்சத்துக்கும் அந்த 18 சதவீதம் உண்டு: 46,800 ரூபாய். ஆக உண்மையான வித்தியாசம் 3.07 லட்சம்.

இருபது லட்சம் என்ற கோடு இன்னும் கூர்மையானது. எக்ஸ் ஷோரூம் விலை 19.90 லட்சமாக இருந்தால் வரி 3.58 லட்சம், 20.10 லட்சமானால் 4.02 லட்சம். விலையில் 20 ஆயிரம் ஏறியதற்கு வரியில் ஏறக்குறைய 44 ஆயிரம். ஹைபிரிட் என்பதாலேயே பல வண்டிகள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. இன்னோவா ஹைக்ராஸ் அறிமுகமானபோது சாதாரணப் பெட்ரோல் 18.30 லட்சத்திலும் ஹைபிரிட் 24.01 லட்சத்திலும் தொடங்கின. இன்றைய வரி விகிதத்தில் முதலாவதுக்கு 3.29 லட்சம் வரி, இரண்டாவதுக்கு 4.80 லட்சம். அந்த ஹைபிரிட்டில் வேறு வசதிகளும் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதிகள் வேண்டாம், பெட்ரோல் சிக்கனம் மட்டும் போதும் என்கிறவருக்கு ஹைக்ராஸில் அப்போது அப்படி ஒரு வண்டி இல்லை.

மிச்சத்தைக் கணக்கிடுவதில் நாமக்கல் லாரிக்காரர்களின் வழிதான் சரியான வழி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு அவர்கள் நிற்க மாட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு டீசல் எவ்வளவு, டயர் எவ்வளவு, டிரைவர் படி எவ்வளவு என்று ரூபாயில் கொண்டுவந்துதான் லோடு ஏற்றுவார்கள். காருக்கும் அதையே செய்ய வேண்டும், ஏனென்றால் மைலேஜ் எண் நம் கண்ணை மறைக்கும். 13 தந்த வண்டி 22 தந்தாலும் 9 கூடுதல். 20 தந்த வண்டி 29 தந்தாலும் 9 கூடுதல். ஆனால் முதலாவதில் நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டருக்கு மேல் மிச்சம், இரண்டாவதில் ஒன்றரை லிட்டர்தான்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். கம்பெனி தரும் ஆய்வுக்கூட எண்கள்: ஆட்டோமேட்டிக் 20.58, ஹைபிரிட் 27.97. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 86 காசு ஒன்று, 3 ரூபாய் 58 காசு இன்னொன்று. மிச்சம் 1 ரூபாய் 28 காசு. இந்தக் கணக்கில் 3.07 லட்சத்தை எடுக்க 2 லட்சத்து 39 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பேட்டரிக்கு மாருதியும் டொயோட்டாவும் தரும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். அதாவது கம்பெனியின் சொந்த எண்களை அப்படியே நம்பினாலும், வாரண்டி முடிந்த பிறகும் 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால்தான் போட்டது கைக்கு வருகிறது.

நல்ல வேளையாக, நம் தெருக்கள் ஆய்வுக்கூடம் இல்லை. ஊருக்குள் சாதாரண ஆட்டோமேட்டிக்கின் மைலேஜ் அட்டையில் இருப்பதைவிட வெகுவாகச் சரியும். ஹைபிரிட் அவ்வளவு சரியாது. சேலத்துக்குள் ஆட்டோமேட்டிக் 13, ஹைபிரிட் 22 என்றும், நெடுஞ்சாலையில் 17, 20 என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுகிறவரைப் பொறுத்து இவை ஒன்றிரண்டு மேலே கீழே போகும். ஊருக்குள் மிச்சம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 14 காசு. நெடுஞ்சாலையில் வெறும் 88 காசு. பாதிக்குப் பாதி என்றால் 2 ரூபாய்.

இப்போது 3.07 லட்சத்தை வகுத்துப் பாருங்கள். முழுக்க ஊருக்குள் ஓடும் வண்டி 98 ஆயிரம் கிலோமீட்டரில் போட்ட பணத்தை எடுத்துவிடும். பாதிப் பாதி ஓடும் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஆகும். நெடுஞ்சாலை வண்டிக்கு மூன்றரை லட்சம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் பாதிப் பாதி ஓடும் வீட்டுக்கு அது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். அதுவரை எத்தனை பேர் ஒரே காரை வைத்திருக்கிறோம்?

வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. அந்த 3.07 லட்சத்தைக் கடனில் வாங்கினால், 9 சதவீதம், 5 ஆண்டு என்ற கணக்கில் மாதத் தவணையில் 6,370 ரூபாய் கூடும்; மொத்தத்தில் 75 ஆயிரம் ரூபாய் வட்டி. தவணை நடக்கும் காலத்தில் பெட்ரோல் மிச்சமே அந்தக் கூடுதல் தவணையைக் கட்ட வேண்டுமென்றால், ஊருக்குள் மட்டும் மாதம் 2,030 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பாதிப் பாதி என்றால் 3,170. கையிருப்புப் பணம்தான், கடன் இல்லை என்பவருக்கும் வட்டி உண்டு. அதே பணம் வங்கியில் 7 சதவீத வைப்புத்தொகையில் இருந்தால் ஆண்டுக்கு 21 ஆயிரத்துக்கு மேல் தரும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் பாதிப் பாதி ஓடும் ஹைபிரிட், பெட்ரோலில் மிச்சம் செய்வது 20 ஆயிரம். வங்கி தருவதைக்கூட வண்டி தரவில்லை.

ஹைபிரிட்டின் பக்கம் நின்று சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் கரைந்துவிடுவதில்லை. விற்கும்போது ஒரு பகுதி திரும்பும். எட்டு ஆண்டு கழித்து மூன்றில் ஒரு பங்கு திரும்பினால்கூட, ஈடுகட்ட வேண்டியது இரண்டு லட்சம்தான். அப்போது ஊர் வண்டி 65 ஆயிரம் கிலோமீட்டரிலும் பாதிப் பாதி ஓடும் வண்டி ஒரு லட்சத்திலும் கணக்கைச் சரிசெய்துவிடும். ஆனால் வாரண்டி முடியப்போகும் பேட்டரியோடு வரும் பழைய வண்டிக்குச் சேலம் சந்தை என்ன விலை தரும் என்பது, 2022-ல் வந்த வண்டிகள் அந்த வயதை எட்டும்போதுதான் உறுதியாகத் தெரியும். அந்தப் பணத்தை நம்பி முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பராமரிப்பில் சிறு லாபம் உண்டு. மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பிரேக் பேட் நீடித்து உழைக்கும். டொயோட்டா முறையில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ கிளட்ச்சோ கிடையாது. பழுதாகக்கூடிய பொருள்கள் அந்த அளவுக்குக் குறைவு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் ஹைபிரிட்டுக்கு 7.5 சதவீதச் சலுகை 2022-லிருந்து இருக்கிறது. ஆனால் 1,500 சிசி வரையுள்ள புதுக் காருக்கு மூன்று ஆண்டு பிரீமியமே 10,640 ரூபாய்தான்; சலுகை 800 ரூபாயைத் தொடாது. வண்டியின் மதிப்பு கூடுவதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் அதைவிட அதிகமாக ஏறிவிடும். டிக்கியில் பேட்டரி உட்கார்ந்துகொள்வதால் இடமும் குறையும். மே மாதம் வெளியூர் உறவுகளுக்குச் சேலத்து மாம்பழப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் குடும்பம், டிக்கியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

வெயிலைப் பற்றிய பயம் நியாயமானது. ஏப்ரல், மே மாதங்களில் வெட்டவெளியில் நிறுத்திய காருக்குள் பேட்டரியும் வேகும். சூடுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் முதல் காரணம். இந்த வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் ஏசி காற்று. பின்சீட்டுப் பக்கம் அதற்கான துவாரம் இருக்கும். அதன் மேல் பையையோ போர்வையையோ போட்டு அடைக்காமல் பார்த்துக்கொள்வதும், சர்வீஸின்போது அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வதும், முடிந்தால் நிழலில் நிறுத்துவதும் போதும்.

அப்படியானால் யாருக்குக் கட்டுப்படியாகும்? காலையில் ஒரு மருத்துவமனை, மதியம் இன்னொன்று, மாலையில் சொந்த கிளினிக் என்று ஃபேர்லேண்ட்ஸுக்கும் அஸ்தம்பட்டிக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் நடுவே நாள் முழுக்கச் சுற்றும் மருத்துவர். நகரத்துக்குள் பல கடைகளையோ பல கட்டட வேலைகளையோ நேரில் போய்ப் பார்க்கும் தொழில்காரர். ஒரு நாளில் எண்பது கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே தொடுகிறவர் யாராக இருந்தாலும் நாலைந்து ஆண்டில் பணத்தை எடுத்துவிடுவார். அதன் பிறகு ஓடுவதெல்லாம் அவருக்கு லாபம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கோயிலுக்கும் கடைக்கும் போய், மாதத்தில் இரண்டு முறை நாமக்கல்லுக்கோ கோவைக்கோ போய்வரும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதிலும் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று துண்டு துண்டாக ஓட்டினால், எஞ்சின் சூடேறுவதற்காகவே எழுந்து ஓடும். ஹைபிரிட்டின் மைலேஜும் சரியும்.

கியர் போட்டு ஓட்டச் சம்மதம் என்றால் கணக்கு ஹைபிரிட்டுக்கு இன்னும் பாதகமாகிவிடும். அதே 2022 விலையில் ஸீட்டா கியர் வண்டி 13.89 லட்சம், ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் வரி சேர்த்து 4.84 லட்சம் வித்தியாசம். இதை எந்தப் பெட்ரோல் மிச்சமும் எளிதில் தொடாது. நெடுஞ்சாலைக்காரருக்கு டீசல் இன்னும் ஒத்துவரும் எரிபொருள்தான். சொந்த வீடும் போர்டிகோவும் உள்ள ஃபேர்லேண்ட்ஸ்காரர், தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர், நெடும்பயணத்துக்கு வீட்டில் வேறு வண்டி இருப்பவர் என்றால், அவர் பார்க்க வேண்டியது ஹைபிரிட்டையே அல்ல, மின்சாரக் காரை. நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம். சாலை வரியிலும் தமிழ்நாடு பல ஆண்டுகளாக மின்சாரக் கார்களுக்கு விலக்கு தந்துவந்திருக்கிறது.

ஹைபிரிட்டுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை, இதுதான் எனக்கு உறுத்துகிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. இங்கே அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அதே வண்டியை வைத்துப் பார்க்கலாம். 15.39 லட்சம் பெட்ரோல் வண்டி 18 சதவீத வரியோடு 18.16 லட்சம் ஆகிறது. வரி இல்லாத ஹைபிரிட் 17.99 லட்சம். விலை வித்தியாசமே மறைந்துவிடும். மேலே போட்ட கணக்கு எதுவும் தேவைப்படாது. சிக்னலில் புகை விடாமல் நிற்கும் ஒரு வண்டியின் கூடுதல் விலை மீதும் அதே 18 சதவீதத்தை வசூலிப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். முழு விலக்கு இல்லாவிட்டாலும், கூடுதல் விலைக்கு மட்டுமாவது வரியைக் குறைக்கலாம். இருபது லட்சக் கோட்டை ஹைபிரிட்டுக்குத் தளர்த்தலாம்.

விலை அதிகமென்றால் நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்பதைக் கம்பெனிகள் முன்பே பார்த்திருக்கின்றன. 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டை 21.5 லட்சத்துக்குக் கொண்டுவந்து, அதே ஆண்டுக்குள் 8 லட்சம் குறைத்து விற்க வேண்டி வந்தது. இப்போதைய விலை வித்தியாசமும் குறையலாம். குறையும்போது இதே கணக்கு வேறு பதில் தரும்.

ஓசையில்லாத ஓட்டம், சிக்னலில் அதிராத எஞ்சின், தெருவில் கொஞ்சம் குறையும் புகை, இவற்றுக்காக மூன்று லட்சம் கொடுக்க ஒருவர் விரும்பினால் அதில் தவறே இல்லை. நல்ல வண்டிக்கு நல்ல விலை கொடுக்கிறார். சிக்கனத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்பவர் மட்டும், முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாதம் பொறுத்து இந்த வேலையைச் செய்ய வேண்டும். இப்போதுள்ள காரில் டேங்க்கை முழுக்க நிரப்பி, பங்கின் பெட்ரோல் துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே முழுக்க நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். ஊருக்குள் ஓடியது எவ்வளவு, டோல்கேட் தாண்டியது எவ்வளவு என்று தனித்தனியே போடுங்கள். பிறகு ஷோரூமில் இரண்டு வண்டிகளின் ஆன்ரோடு விலையையும் தாளில் எழுதி வாங்கி, வித்தியாசத்தை உங்கள் ஊர் கிலோமீட்டருக்கு 3 ரூபாய், நெடுஞ்சாலைக் கிலோமீட்டருக்கு 90 காசு என்ற கணக்கில் வரும் ஆண்டு மிச்சத்தால் வகுங்கள். விடை ஆறு ஆண்டுக்குள் வந்தால் ஹைபிரிட் எடுங்கள். பேட்டரி வாரண்டியின் எட்டு ஆண்டைத் தாண்டினால் சாதாரண வண்டியை எடுத்து, மிச்சமான மூன்று லட்சத்தை வங்கியில் போடுங்கள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்தால், இரண்டையும் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து ரோட்டு நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.